காற்றுக்குக் கணக்குப் போட்ட வில்லிஸ் கேரியர்

போன வருஷம் இன்பிளாண்ட் டிரெய்னிங்குக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தோம். ஒரு கார் வந்தது. டிரைவர் பக்கம் ஏசி ஜில்லுன்னு வருது, இடது பக்கம் வெதுவெதுன்னு வருது. நாங்க மூணு பேரும் பார்த்த மாத்திரத்தில் கம்ப்ரஸர் போச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டோம். கார்க்காரர் முகம் சுண்டிப் போச்சு. வாடகைக் கார் ஓட்டுகிறவர், பாவம்.

அங்கிருந்த சீனியர் மெக்கானிக் அண்ணன் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு வென்ட்டிலும் தெர்மாமீட்டரைச் செருகி எழுதிக்கொண்டார். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. கேஜ் மாட்டினார். இரண்டு பக்கமும் பிரஷர் குறைவு. கேஸ் கசிந்திருக்கிறது! எவாப்பரேட்டரில் நுழையும் கொஞ்சநஞ்ச திரவமும் முதல் பாதியிலேயே ஆவியாகிவிட, மீதிப் பாதிக்குக் குளிர்விக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பக்கம் போகும் காற்று போனபடியே வெளியே வருகிறது. ஒரு ஓ-ரிங் மாற்றி, வேக்குவம் போட்டு, எடைபோட்டு கேஸ் ஏற்றியதும் இரண்டு பக்கமும் ஒன்றானது. எங்க பேச்சைக் கேட்டிருந்தால் அவர் ஒரு கம்ப்ரஸருக்குக் காசு அழுதிருப்பார்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் புரட்டிய புத்தகத்தில்தான் வில்லிஸ் ஹாவிலண்ட் கேரியரைப் படித்தேன்.

1876 நவம்பர் 26-ல் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். சின்ன வயசில் பின்னம் அவருக்கு ஏறவே இல்லையாம். அம்மா ஆப்பிளை அரையாக, காலாக நறுக்கி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மாவும் அவருக்கு 11 வயசிலேயே போய்விட்டார். வீட்டில் பணக் கஷ்டம். பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளி, ஸ்காலர்ஷிப் வாங்கி கார்னெல் பல்கலைக்கழகம் போனார். அங்கேயும் புல் வெட்டி, மாணவர்களுக்கு லாண்டரி நடத்தித்தான் செலவைச் சமாளித்தார். (மெஸ் பில் பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!)

1901-ல் படிப்பு முடிந்ததும் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வாரம் 10 டாலருக்கு வேலை. அடுத்த வருஷமே புரூக்ளினில் ஓர் அச்சகத்திலிருந்து புகார். ஈரக் காற்றில் காகிதம் விரிகிறது, வறண்டால் சுருங்குகிறது. ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லை. மெஷினிலா கோளாறு? இல்லை, காற்றில்! கேரியர் வானிலை அட்டவணைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். காற்றைப் பனிநிலைக்குக் கீழே குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். குளிர்ந்த நீர் ஓடும் சுருள்களின் மேல் காற்றை ஊதி, ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவது திட்டம். வரைபடத்தின் தேதி 1902 ஜூலை 17. ஏசி போட்டு நிற்கும் கார்களின் அடியில் சொட்டுச் சொட்டாய் விழுகிறதே, அதுவும் இதே கணக்குதான்.

அந்த வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஒரே மூடுபனி. வண்டிக்குக் காத்திருந்தபோது அவருக்கு ஒரு யோசனை. குளிர்ந்த நீரைப் பனிபோல் தெளித்து அதற்குள் காற்றை விட்டால், நீரின் வெப்பநிலையை வைத்தே ஈரத்தைக் கட்டுப்படுத்தலாம். அதாவது தண்ணீர் தெளித்தே காற்றை உலர்த்தலாம்! கேட்டால் கிறுக்குத்தனம் மாதிரி இருக்கும். 1906 ஜனவரி 2-ல் இதற்குப் பேடன்ட் கிடைத்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயர் மட்டும் அவருடையதல்ல. பஞ்சாலை இன்ஜினியர் ஸ்டூவர்ட் கிராமர் வைத்தது. 1911-ல் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தில் கேரியர் படித்த கட்டுரைதான் நாம் பரீட்சை ஹாலில் முழித்துக்கொண்டு பார்க்கும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டுக்கு அடிப்படை. திட்டணும்னா இவரைத்தான் திட்டணும்.

முதல் உலகப் போர் வந்ததும் கம்பெனி அந்தப் பிரிவை மூட முடிவெடுத்தது. கேரியரும் ஆறு இன்ஜினியர்களும் கையிலிருந்ததைச் சேர்த்து 32,600 டாலரில் 1915-ல் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1922-ல் சென்ட்ரிஃபியூகல் சில்லர், 1925-ல் நியூயார்க் ரிவோலி தியேட்டர் என்று வளர்ந்தது.

காருக்கு ஏசி கொண்டுவந்தது அவர் இல்லை. பேக்கார்ட் கம்பெனி 1939-ல் அறிவித்து 1940 மாடலில் விற்றது. எவாப்பரேட்டர் பின்னால் டிக்கியில். பின் சீட்காரர் பிடரியில்தான் முதலில் ஜில்லென்று அடிக்கும். கிளட்ச் கிடையாது, ஏசி வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! 1941-க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். கேரியர் 1950 அக்டோபர் 7-ல் காலமானார். கார்களில் ஏசி பரவலானது அதற்கப்புறம்தான்.

அந்த மெக்கானிக் அண்ணனிடம் மறுநாள் கேரியரைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுத்த காரின் வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, நோட்டை என் கையில் கொடுத்தார்.