பொம்மைகளுக்கு இல்லம் கட்டிய சங்கர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

தபால்தலை சேர்ப்பவர் உண்டு. நாணயம் சேர்ப்பவர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவரும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அதிகப் பணம் வேண்டியதில்லை. ஆனால் பொம்மை சேர்ப்பது அப்படியா? அது செல்வந்தர் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்கே உரிய பொழுதுபோக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவரைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

இவ்வாண்டுப் பள்ளிக் கண்காட்சியில் பல நாட்டு உடைகளைக் காட்டும் பொம்மை வரிசை ஒன்றை வைக்கத் தீர்மானித்தோம். கடைவீதியில் விலை விசாரித்தோம். நல்ல உடையணிந்த பொம்மை ஒன்றின் விலையே எங்களைத் திகைக்க வைத்தது. ஆளுக்கு 200 ரூபாய் போடுவது என்று கை தூக்கி முடிவு செய்தோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய திங்கட்கிழமை தோழி ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எண்ணினோம். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். அந்த வாரம் வேலை குறைவு. சனிக்கிழமைச் சம்பளம் பாதிதான் வந்தது. அம்மாவிடம் பொம்மைக்குப் பணம் கேட்க மனமில்லாமல் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்பது புதன்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது. கை தூக்கிய நாங்கள் அனைவரும் தலை குனிந்தோம்.

எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். டில்லியில் பொம்மைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்த சங்கர் என்பவரைப் பற்றி அறிந்து வருமாறு பணித்தார். அப்படி நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

இளமைப் பருவம்

கே. சங்கர் பிள்ளை 1902ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கேரளத்தில் உள்ள காயங்குளத்தில் பிறந்தார். விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பார்கள். பள்ளியில் படிக்கும்போது, வகுப்பறையில் கண்ணயர்ந்துவிட்ட ஆசிரியர் ஒருவரை அவர் அப்படியே வரைந்துவிட்டாராம். தலைமையாசிரியரின் கோபத்துக்கும் ஆளானாராம். ஆனால் அவருடைய மாமா அந்தக் கையிலிருந்த திறமையைக் கண்டுகொண்டு, வரையும்படி ஊக்கம் தந்தார். (இதைப் படித்து எங்கள் வகுப்பில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்! எங்கள் ஆசிரியைகள் கண்ணயர்வதில்லை.)

திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பை முடித்தபின் சட்டம் படிக்கப் பம்பாய் சென்றார். சட்டம் அவர் மனத்தில் ஒட்டவில்லை. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் கேலிச்சித்திரங்கள் வரைந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அவை வெளிவந்தன, பெயரும் வளர்ந்தது. 1932ஆம் ஆண்டு இந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த போத்தன் ஜோசப் அவரைக் கேலிச்சித்திரக்காரராக டில்லிக்கு அழைத்துக்கொண்டார். வெள்ளையர் ஆட்சி நடந்த காலம் அது. வைசிராய்களையும் சங்கரின் தூரிகை விட்டுவைக்கவில்லை.

சங்கர்ஸ் வீக்லி

நாடு விடுதலை பெற்றபின், 1948இல் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழைத் தொடங்கினார். இந்தியாவில் கேலிச்சித்திரத்துக்கென வெளிவந்த இதழ்களில் அது முன்னோடி. அதைத் தொடங்கி வைத்த பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரைக் கேட்டுக்கொண்டார். சங்கரும் விடவில்லை. நாட்டின் பிரதமரை வாரந்தோறும் கேலி செய்தார். ஆயினும் இருவரும் இறுதிவரை நண்பர்களாகவே இருந்தனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975ஆம் ஆண்டில் அந்த இதழ் நின்றுபோயிற்று.

பெரியவர்களைக் கேலி செய்த அந்தக் கை குழந்தைகளிடம் மட்டும் கனிந்தே நடந்தது. 1949இல் சிறுவர் சிறுமியருக்காக ஓவியம், எழுத்துப் போட்டியைத் தொடங்கினார். நாளடைவில் அது பல நாட்டுக் குழந்தைகள் பங்குபெறும் அனைத்துலகப் போட்டியாக வளர்ந்தது. 1957இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவி, நல்ல படங்களுடன் கூடிய நூல்களை எளிய விலையில் வெளியிடச் செய்தார். தாமே குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார்.

ஒரே ஒரு பொம்மை

1950களின் தொடக்கத்தில் ஒரு நாள், அங்கேரி நாட்டின் தூதர் அந்நாட்டுப் பொம்மை ஒன்றை நேருவிடம் கொடுத்தார். சங்கரின் குழந்தைகள் போட்டியில் பரிசாக வழங்குவதற்காக வந்த பொம்மை அது. அதன் அழகில் மயங்கிய சங்கர், அதைத் தாமே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார்! ஐம்பது வயதை எட்டிய ஒருவர், நாடறிந்த பத்திரிகையாசிரியர், ஒரு பொம்மைக்கு ஆசைப்பட்டார் என்பதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஓர் ஆசையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

பிரதமரின் வெளிநாட்டுப் பயணங்களில் பத்திரிகையாளராக உடன் சென்றபோதெல்லாம், போன நாட்டின் பொம்மை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். விரைவில் ஏறத்தாழ 500 பொம்மைகள் சேர்ந்துவிட்டன. இந்த இடத்தில்தான் அவர் மற்றவர்களினின்றும் வேறுபடுகிறார். வேறொருவராயிருந்தால் வரவேற்பறையில் அடுக்கி வைத்து, வருகிற விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருப்பார். சங்கரோ, அயல்நாடுகளுக்குச் செல்ல வழியில்லாத ஏழைக் குழந்தைகள் இவற்றைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். குழந்தைகள் வரைந்த ஓவியங்களோடு பொம்மைகளையும் ஊர் ஊராக எடுத்துச் சென்று கண்காட்சி நடத்தினார்.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் பெட்டியைப் பிரித்துக் கட்டும்போது பொம்மைகள் உடைந்தன. விலை கொடுத்து வாங்குவதோடு சேகரிப்பின் செலவு முடிந்துவிடுவதில்லை. வைக்க இடம் வேண்டும், பேண ஆள் வேண்டும் என்பதை நாங்கள் இங்கே கற்றோம். டில்லிக் கண்காட்சி ஒன்றுக்கு நேருவும் அவர் மகள் இந்திரா காந்தியும் வந்திருந்தபோது, சங்கர் இந்தக் கவலையைச் சொன்னார். பொம்மைகளுக்கு நிரந்தரமாக ஓர் இடம் அமைத்தால் என்ன என்ற யோசனையை இந்திரா காந்தி கூறினார். அதுவே வித்தாயிற்று.

பொம்மைகளின் இல்லம்

டில்லியில் பகதூர்ஷா ஜாபர் சாலையில், குழந்தைகள் புத்தக அறக்கட்டளையின் கட்டடமான நேரு இல்லத்தில், 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சங்கரின் அனைத்துலகப் பொம்மை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். முதல் பொம்மைக்குக் காரணமாயிருந்த நேரு அதைக் காண உயிரோடில்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

திறப்பு விழாவின்போது ஆயிரம் பொம்மைகள் இருந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. சுமார் 85 நாடுகளின் பொம்மைகள் கண்ணாடிப் பேழைகளில் நிற்கின்றன. ஜப்பானின் கபுகி நாடகப் பொம்மைகளும் சாமுராய் வீரரும், ஸ்பெயின் நாட்டு நடன மங்கையரும், தாய்லாந்தின் பெண்கள் இசைக்குழுவும், இலங்கையின் கண்டிப் பெரஹரா ஊர்வலமும் அங்கே உண்டு.

இத்தனையையும் விலைக்கா வாங்கினார்? இல்லை. பல பொம்மைகள் நாடுகளிலிருந்து அன்பளிப்பாக வந்தவை. இன்னும் பல, பண்டமாற்றாக வந்தவை. எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அருங்காட்சியகத்தோடு சேர்த்து ஒரு பொம்மைப் பட்டறையும் ஏற்படுத்தினார்கள். நம் நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்களின் முக அமைப்பு, உடை, நகை, அவற்றை அணியும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து, கையாலேயே பொம்மைகள் செய்தார்கள். மணமகள் பொம்மைகள், நடனப் பொம்மைகள், ஆணும் பெண்ணுமாக நிற்கும் ஜோடிப் பொம்மைகள் என 150 வகை இந்தியப் பொம்மைகள் அங்கே உருவாயின. அவற்றை வெளிநாடுகளுக்குக் கொடுத்து, அந்நாட்டுப் பொம்மைகளைப் பெற்றுக்கொண்டார்கள். சேகரிப்பவர்களுக்கு விற்கவும் செய்தார்கள். பட்டறையில் பிறந்த பொம்மைகள் 1980இல் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் நடந்த பொம்மை விழாவில் முதல் பரிசான தங்க மயில் இறகைப் பெற்றன.

பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் சங்கரைத் தேடி வந்தன. போலந்து நாட்டுக் குழந்தைகளின் சார்பில் வழங்கப்படும் புன்னகை விருதும் 1977இல் அவருக்குக் கிடைத்தது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், அவர் மறைந்தார்.

எங்கள் கேள்வியும் விடையும்

இதைப் படித்தவுடன் எங்களுள் ஒருத்தி எழுந்து கேட்டாள். அவருக்குப் பிரதமர் நண்பர், தூதர்கள் நண்பர்கள். திருப்பூரில் இருக்கும் நமக்கு யார் பொம்மை தருவார்கள் என்றாள். நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் பயணமும் தூதரின் பரிசும் எல்லாருக்கும் கிடைப்பவை அல்ல. அந்த வழியில் நாம் சங்கரைப் பின்பற்ற முடியாது. ஆனால் அவருடைய பட்டறையின் வழியில் போகலாம். கையில் உள்ளதைக் கொண்டு, அருகில் வாழும் மக்களைக் கூர்ந்து பார்த்துச் செய்தால், பொம்மைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? பனியன் கம்பெனிகளில் வெட்டும்போது விழும் துண்டுகளை வேஸ்ட் என்று சொல்லி எடை போட்டு விற்கிறார்கள். எங்கள் தோழியரின் தந்தையர் இருவர் அந்தத் துண்டுகளில் ஒரு மூட்டை கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே அடைப்பதற்கும் அதே துணி. தோலுக்கும் அதே துணி. தலைமுடிக்குக் கறுப்பு நூல். ஊசியும் வண்ணமும் மட்டுமே நாங்கள் வாங்கினோம். ஆளுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் ஆகவில்லை. அதையும் வகுப்பில் உண்டியல் வைத்து, போட முடிந்தவர் மட்டும் போட்டோம். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதி வைக்கவில்லை.

யாரைப் பொம்மையாகச் செய்வது? உலகத்தை ஏன் தேட வேண்டும், உலகமே வேலை தேடி நம் ஊருக்கு வருகிறதே என்று தோன்றியது. எங்கள் வகுப்பிலேயே தேனியிலிருந்து வந்தவர்கள், திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாத் தோழியின் அம்மா, தங்கள் ஊரில் சேலை கட்டும் முறையை ஒரு மாலை முழுதும் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளாக எங்கள் பள்ளி வாசலுக்கு வந்து மகளை அழைத்துச் செல்லும் அவரிடம், நாங்கள் உட்கார்ந்து பேசியது அன்றுதான்.

அந்தத் திங்கட்கிழமை வராத தோழியும் ஒரு பொம்மை செய்தாள். சாதாரணப் பூப்போட்ட சேலை. மேலே ஆண்கள் அணியும் பழைய சட்டை. தலையில் கட்டிய துண்டு. கையில் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. அடியில் அவள் ஊர்ப் பெயர் எதுவும் எழுதவில்லை. அம்மா என்று மட்டும் எழுதினாள். கண்காட்சிக்கு வந்த தாய்மார்களில் பலர் அந்தப் பொம்மையின் முன்தான் நெடுநேரம் நின்றார்கள். ஜப்பான் பொம்மை வாங்கி வைத்திருந்தால் அவர்கள் அப்படி நின்றிருக்க மாட்டார்கள் என்றே நாங்கள் நம்புகிறோம்.

முடிவுரை

பொம்மை சேர்ப்பது அதிகச் செலவா? கடையில் வாங்கி, அலமாரியில் பூட்டி, அடுத்த வீட்டாரைவிட ஒன்று கூடுதலாக வேண்டும் என்று நினைத்தால் எவ்வளவு பணமும் போதாது. கொலு வைப்பவர் வீட்டுப் பாட்டியிடமும், குடில் வைப்பவர் வீட்டுத் தாத்தாவிடமும் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்து, வைக்கோலிலும் துணியிலும் சுற்றிப் பாதுகாத்து, மகளிடமும் பேத்தியிடமும் ஒப்படைத்தவர்கள் அவர்கள். அவர்களை அது ஏழையாக்கவில்லை. பொம்மையின் விலையைவிட, அதை யாருக்காகச் சேர்க்கிறோம் என்பதே செலவைக் கூட்டுகிறது, குறைக்கிறது. சங்கர் தமக்காக ஆசைப்பட்டது ஒரே ஒரு பொம்மைக்கு. மற்றவை அனைத்தையும் பிறர் காணவே சேர்த்தார்.

நாங்கள் செய்த 34 பொம்மைகளும் பள்ளி நூலக அலமாரியில் இருக்கின்றன. நாங்கள் விரைவில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி விடைபெறுவோம். அடுத்து வரும் தங்கைகளே, அவற்றோடு உங்கள் தெருவில் வாழும் ஒருவரையும் சேர்த்து வையுங்கள். பெற்றோர்களே, எங்களுக்கு விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டாம். வேஸ்ட் மூட்டையில் ஒரு கைப்பிடி போதும். பணம் கேட்டுக் கை தூக்கச் சொல்லுமுன், கை தூக்க முடியாதவள் யார் என்று ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் மறக்க மாட்டோம்.