'கர்நாடகம்' கேட்ட கச்சேரிகள்
(இசைத் திறனாய்வாளர் கல்கியின் வாழ்வு)

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி என்றதும் தமிழ் வாசகரின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது வீரநாராயணபுரத்து ஏரிக்கரையும் வந்தியத்தேவனின் குதிரையும்தான். வரலாற்றுப் புதினங்கள் பெற்றுத் தந்த பெரும்புகழ், அவருடைய மற்றொரு முகத்தை ஏறக்குறைய மறைத்துவிட்டது. சபை அரங்குகளில் அமர்ந்து, கேட்ட கச்சேரியையும் கண்ட நடனத்தையும் 'ஆடல் பாடல்' என்னும் தலைப்பில் எழுதிவந்த திறனாய்வாளரின் முகம் அது. 'கர்நாடகம்' என்பது அவர் அப்பகுதிக்குச் சூட்டிக்கொண்ட பெயர். இசையில் சொல்லுக்கு உரிய இடம் எது என்னும் வினாவைத் தமிழ்ப் பொதுமக்கள் முன்னிலையில் ஓயாது எழுப்பியவர் என்ற முறையில், கவிஞர்கள் அவருக்குப் பெரிதும் கடன்பட்டுள்ளனர்.

காவிரிக் கரை தந்த செவி

பழைய தஞ்சை மாவட்டத்தில் மயிலாடுதுறையை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் அவ்வூரின் கணக்கர். செல்வம் மிகுந்த குடும்பம் என்று சொல்லுவதற்கில்லை. ஆயினும் அந்த மண்ணில் பிறந்தவருக்குச் செவிச்செல்வத்தில் குறைவில்லை. கோயில் திருவிழாவில் நாகசுரமும், மண்டபங்களில் கதாகாலட்சேபமும், மார்கழி விடியலில் பசனைப் பாடல்களும் எளிய மனிதருக்கும் கட்டணமின்றிக் கிடைத்த வட்டாரம் அது.

அவர் பிறந்த பகுதியின் இசை வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது. தமிழிசை மூவருள் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் சீர்காழியில் வாழ்ந்தவர்கள். மாரிமுத்தாப் பிள்ளை தில்லைவிடங்கனைச் சார்ந்தவர். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தார். வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தார். கச்சேரி மேடையில் பாடுவதற்குத் தமிழில் தரமான உருப்படிகள் இல்லை என்று பிற்காலத்தில் சிலர் வாதிட்டபோது, அதற்கு மறுமொழி கல்கியின் பிறந்த ஊரைச் சுற்றி ஒரு நாள் நடைத்தொலைவிலேயே இருந்தது எனலாம்.

திருச்சி தேசியக் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த அவர், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று 1921-இல் படிப்பைத் துறந்தார். 1922-இல் ஓராண்டுச் சிறைவாசம். 1923-இல் திரு.வி. கலியாணசுந்தரனாரின் 'நவசக்தி'யில் துணையாசிரியரானார். கலியாணசுந்தரனார் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அமைந்ததே 'கல்கி' என்னும் புனைபெயர் என்பர். பழையன கழித்துப் புதுயுகம் படைக்க வரும் அவதாரத்தைக் குறித்தது என்பாரும் உளர். திரு.வி.க.வின் செந்தமிழ் உரைநடையில் பயிற்சி பெற்றும், அதன் நடையைப் பின்பற்றாமல் பேச்சுக்கு நெருக்கமான தனிநடை ஒன்றை அவர் அமைத்துக்கொண்டார். 1928-இல் 'நவசக்தி'யை விட்டு நீங்கித் திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் சென்று, இராசாசியின் மேற்பார்வையில் வெளிவந்த 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழில் பணியாற்றினார். 1930-இல் மீண்டும் ஆறு திங்கள் சிறை. 1931-இல் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகடன்' அவரை ஏற்றது.

'ஆடல் பாடல்' பிறந்த சூழல்

அக்காலச் சென்னையின் இசையுலகம் பெருமாற்றத்தில் இருந்தது. அரசவையும் சமீனும் மடமும் புரந்துவந்த கலை, நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் நகர மக்களின் ஆதரவை நாடி வந்துவிட்டது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நிகழ்ந்த இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எழும்பூரிலும் சபைகள் பெருகின. இசைத்தட்டும் பேசும்படமும் பாட்டை ஊரூராகக் கொண்டு சென்றன. 1938 சூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. அரியக்குடி இராமானுச ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர், செம்பை வைத்தியநாத பாகவதர் முதலியோர் மேடையில் நிலைபெற்றிருக்க, ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள் போன்ற இளையோர் எழுந்துவந்த காலம். நாகசுரத்தில் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளைக்கு நிகர் அவரே.

இவ்வளவு செழிப்பிருந்தும், புதிதாக இசை கேட்க வந்த பொதுவாசகருக்கு அவர் மொழியில் வழிகாட்டுவார் அரியராகவே இருந்தனர். ஆங்கில நாளேடுகளின் குறிப்புகள் ஆங்கிலம் அறிந்தார்க்கே பயன்பட்டன. இலக்கணம் வல்ல வித்துவான்களின் பேச்சோ வித்துவான்களுக்கு மட்டுமே விளங்கியது. இவ்விரு கரைகளுக்கும் நடுவே நின்றவர்களை நோக்கியே கல்கி எழுதினார்.

'கர்நாடகம்' என்பது தென்னக இசை மரபின் பெயர். பேச்சுவழக்கிலோ பழம்போக்கினரை எள்ளும் சொல்லும் அதுவே. இரு பொருளையும் ஒருங்கே தாங்கிய அப்பெயரில், எழுதுபவர் தம்மைத் தாமே முதலில் நகையாடிக்கொண்டுவிடுகிறார். பிறரை நகையாடும் உரிமை அதன்பின் எளிதில் கிட்டுகிறது. பாடகரின் முகக்கோணலும் கையசைப்பும் அவருடைய நகைச்சுவைக்கு இரையாயின. அதே இதழில் 'மாலி' என்னும் ஓவியர் வரைந்த இசைவாணர் கேலிச்சித்திரங்கள், அவர் எழுத்துக்குப் பக்கவாத்தியம்போல் அமைந்தன. இராகத்தின் பெயரறியா வாசகரும் அப்பகுதியைப் படித்துச் சிரித்தனர். சிரித்தவருள் பலர் பின்னர்க் கச்சேரிக்குச் சென்றனர்.

நகைச்சுவைக்கு அடியில் ஓர் உறுதியான அளவுகோல் இருந்தது. பாடுவோர் உணர்ந்து பாடினாரா, கேட்போர் நெஞ்சில் அது சென்று சேர்ந்ததா என்பதே அவ்வளவுகோல். கணக்கு வழக்கில் வல்லமை காட்டுவது அவர் கருத்தில் இரண்டாம் நிலையதே.

துக்கடாவுக்கு வந்த வழக்கு

இவ்வளவுகோலை நேர்மையாகக் கையாண்ட எவரும் ஓரிடத்தில் மொழிச்சிக்கலைச் சந்தித்தே தீரவேண்டும். அன்றைய கச்சேரிகளில் பெரும்பகுதியைத் தெலுங்கு, வடமொழி உருப்படிகள் நிறைத்தன. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது இறுதியில் 'துக்கடா' என்னும் சிறுபகுதி. பாடுவோரும் கேட்போரும் தமிழராயிருக்க, பாட்டின் பொருள் இருவருக்கும் எட்டாத நிலை அரங்குதோறும் நிகழ்ந்தது.

இராசா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. இராசாசி, இரசிகமணி டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோருடன் கல்கியும் இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். மியூசிக் அகாதெமி சார்ந்தோரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. இசைக்கு மொழியில்லை என்பதும், மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் தாழும் என்பதும் அவர்கள் வாதங்கள். தியாகராசர் கீர்த்தனைகளை மேடையினின்று நீக்கவேண்டும் என்று கல்கி கேட்கவில்லை. தமிழர் அவையில் தமிழுக்குத் தலைமையிடம் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அவருடைய இசைக் கட்டுரைகளின் தொகுதியாகிய 'சங்கீத யோகம்' இவ்வழக்கின் சான்றாவணமாக இன்றும் பயில்தற்குரியது.

இவ்வழக்கில் அவர் பகைமைக்கு அஞ்சவில்லை. எதிர்நின்றோருள் பலர் அவர் மதித்துப் போற்றிய இசைவாணர்கள். அவர்களுடைய கச்சேரிகளே அவருடைய எழுத்துக்கு உணவாயிருந்தவை. விரும்பிய கலைஞரை மறுத்துப் பேசவேண்டிய நிலை எந்தத் திறனாய்வாளருக்கும் கடுஞ்சோதனையாகும். அச்சோதனையைக் கல்கி தவிர்க்கவில்லை.

நட்பும் நடுநிலையும்

மற்றொரு சோதனை இதனினும் நுட்பமானது. தனிநபர் சத்தியாகிரகத்தில் பங்கேற்பதற்காக 1941-இல் அவர் விகடனை விட்டு விலகினார். மூன்று திங்கள் சிறையிருந்து மீண்டபின், நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து அவ்வாண்டு ஆகத்து முதல் நாள் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கான முதலில் பெரும்பகுதி, 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி ஈட்டிய ஊதியத்திலிருந்து வந்தது. 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிப் புகழ்பெற்ற 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி இயற்றியதே.

ஓர் இசைவாணரின் உழைப்பால் நிலைபெற்ற இதழின் ஆசிரியரும், அவருக்குப் பாட்டெழுதிய கவிஞருமான ஒருவர், அவர் இசையை நடுநிலையில் நின்று மதிப்பிடுதல் இயலுமா? இவ்வினாவைத் தள்ளிவிடுதல் கல்கிக்குச் செய்யும் சிறப்பாகாது. எம்.எஸ். பற்றிய அவர் எழுத்தை அன்பர் ஒருவரின் எழுத்தென அறிந்தே படித்தல் முறை. அதே வேளையில், பாட்டுக்குச் சொல் வேண்டும் என்று பத்தாண்டுகள் வாதாடியவர், அச்சொல்லைத் தாமே எழுதிக் காட்டி மக்கள் தீர்ப்புக்கு முன்வைத்தார் என்பதையும் உடன் கருதவேண்டும். அத்தீர்ப்பு எவ்வாறு அமைந்தது என்பதை அப்பாட்டை முணுமுணுக்கும் மூன்று தலைமுறையினர் அறிவர்.

1944 முதல் 1946 வரை தொடராக வந்த 'சிவகாமியின் சபதம்' புதினத்திலும் 'கர்நாடகம்' மறைந்துவிடவில்லை. கதை காஞ்சியில் ஒரு நடன அரங்கேற்றத்தோடு வளரத் தொடங்குகிறது. போர்ச்செய்தி வந்து அந்த ஆடலைக் குலைக்கிறது. எண்ணற்ற அரங்குகளில் அமர்ந்து எழுதிய பயிற்சி அக்காட்சியில் கைகொடுத்திருத்தல் வெளிப்படை.

திருத்திக்கொண்ட வழி

1930-களின் நடுவில் பாரதியார் மகாகவியா என்னும் விவாதம் எழுந்தபோது, தேசியகவி என்பதற்கு மேல் செல்லக் கல்கி தயங்கினார். வ.ரா.வும் மணிக்கொடி எழுத்தாளர்களும் அவரைக் கடுமையாக மறுத்தனர். கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி' அவ்விவாதத்தின் விளைவே. அதே கல்கிதான் பின்னர் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகரிடம் நிதி திரட்டினார். 1945-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மண்டபம் 1947-இல் திறக்கப்பெற்றது. தர வரிசையில் தயங்கிய கை, நினைவுச்சின்னம் எழுப்பத் தயங்கவில்லை. திறனாய்வாளரின் பெருமை அவர் தவறாமையில் மட்டும் அடங்குவதில்லை என்பதற்கு இது சான்று.

'பொன்னியின் செல்வன்' நிறைவெய்திய அதே ஆண்டில், 1954 டிசம்பர் 5-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் கல்கி மறைந்தார். மார்கழி இசைவிழாவுக்கு அப்போது சில நாட்களே இருந்தன. 'அலை ஓசை' புதினத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது 1956-இல் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது. நூற்றாண்டு நிறைந்த 1999-இல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது.

புதினங்கள் பதிப்புப் பதிப்பாக வாழ்கின்றன. கச்சேரித் திறனாய்வோ, அது பேசும் கச்சேரியைப் போன்றே, நிகழ்ந்த மாலையோடு கரைந்துபோகும் இயல்பினது. எனினும் இன்று மேடையில் ஒரு தமிழ்ப் பாடல் கச்சேரியின் நடுநாயகமாக விரிவாகப் பாடப்படும்போது, அதற்கு இடம் பெற்றுத் தந்தோர் வரிசையில், முன்வரிசை நாற்காலியில் 'கர்நாடகம்' அமர்ந்திருக்கிறார். பாடற்குரிய தமிழை இயற்றும் கடமை மட்டும் கவிஞர்களுக்கு எஞ்சியிருக்கிறது.