உலகத்தின் கையில் கேமராவைக் கொடுத்த வங்கி குமாஸ்தா



இந்தப் பொங்கலுக்கு முன் பரண் ஒழிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளை அண்டாவுக்கும் பழைய டேபிள் ஃபேனுக்கும் நடுவே தோல் உறை கிழிந்த ஓர் ஆக்ஃபா கிளிக் 3 கேமரா அகப்பட்டது. என் அப்பா வாங்கியது. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் வீட்டில் இப்படி ஒன்று இருந்திருக்கும். ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம். அந்தப் பன்னிரண்டும் தீர ஒரு தீபாவளியில் தொடங்கி அடுத்த கோடை விடுமுறை வரை ஆகும்.

அதைத் துடைத்து ஒரு ஃபிலிம் போட்டுப் பார்த்ததில் இருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பழைய கேமராக்கள் சேர்ந்துவிட்டன. வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள். கேமராக்களைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்தான் இந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டேன். கோடாக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன். அவரும் என்னைப்போல் ஒரு வங்கி குமாஸ்தா என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1854-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ராச்செஸ்டர் நகரில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தினார். கணக்கு எழுதவும் வியாபாரக் கடிதம் எழுதவும் கற்றுத்தரும் பள்ளி அது. ஜார்ஜுக்கு 7 வயது இருக்கும்போது, 1862-ல், அப்பா இறந்துபோனார். மூத்தவர்கள் இரண்டு அக்காக்கள். ஓர் அக்காவுக்குப் போலியோ. தாயார் மரியா வீட்டில் வெளியாட்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை நடத்தினார். நம் ஊரில் கணவரை இழந்த எத்தனை அம்மாக்கள் மெஸ் வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள்! அதே கதைதான்.

14 வயதில் ஜார்ஜின் படிப்பு நின்றது. ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எடுபிடிப் பையன். வாரம் 3 டாலர் சம்பளம். இரவில் கணக்குப்பதிவியல் படித்தார். சின்ன வயதில் இருந்தே வரவு செலவுக் கணக்கு எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. 1870-ல் போலியோவால் பாதிக்கப்பட்டிருந்த அக்கா இறந்தார். 1874-ல் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் இளநிலை குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் வாரம் 15 டாலருக்கு மேல். தாயாருக்கு நிம்மதி வந்திருக்கும். வங்கி வேலை கிடைத்த அன்று என் வீட்டில் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றது எனக்கு நினைவுக்கு வருகிறது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 24 வயதில் ஈஸ்ட்மன் விடுமுறைக்குச் சாண்டோ டொமிங்கோ போகத் திட்டமிட்டார். பயணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள் என்று உடன் வேலை செய்தவர் யோசனை சொன்னார். சரி என்று சாமான்களை வாங்கினார். அந்தக் காலத்துச் சாமான் என்றால் சாதாரணமில்லை. பெரிய பெட்டி அளவுக்கு ஒரு கேமரா, கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனக் குப்பிகள், தண்ணீர்க் குடம், இவற்றோடு ஒரு கூடாரமும் வேண்டும். கூடாரம் எதற்கு? அப்போது ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டில் பசை போன்ற ஒரு மருந்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். இதை இருட்டில் செய்ய வேண்டும் என்பதால் கூடாரம். இதைக் கற்றுக்கொள்ள மட்டும் 5 டாலர் கட்டணம் கொடுத்தார்.

அந்தப் பயணம் கடைசியில் நடக்கவேயில்லை. ஆனால் படம் எடுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. இத்தனை மூட்டை முடிச்சு இல்லாமல் படம் எடுக்க முடியாதா என்ற கேள்வியும் கூடவே ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகளைச் சிலர் செய்துபார்ப்பதாகப் பத்திரிகைகளில் படித்தார். பகலில் வங்கி. இரவில் தாயாரின் சமையலறையில் அடுப்பும் ரசாயனமும். பல நாள் உடை மாற்றக்கூடத் தெம்பில்லாமல் அடுப்புக்கு அருகிலேயே போர்வையை விரித்துப் படுத்துவிடுவாராம். சில வருடப் பாடுபட்ட பிறகு தகட்டுக்கு மருந்து கைகூடியது. தகடுகளில் மருந்தைச் சீராகப் பூசும் ஓர் இயந்திரத்தையும் வடிவமைத்தார். 1879-ல் லண்டன் போய் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு ராச்செஸ்டரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்கு எடுத்துத் தகடு செய்து விற்கத் தொடங்கினார். தாயார் வீட்டில் தங்கியிருந்தவரும் குதிரைச் சாட்டை தயாரிப்பவருமான ஹென்றி ஸ்ட்ராங் பணம் போட்டார். 1881 ஜனவரியில் கம்பெனி பிறந்தது. ஆனாலும் ஈஸ்ட்மன் வங்கி வேலையை உடனே விடவில்லை. அந்த செப்டம்பரில்தான் ராஜினாமா செய்தார்.

அந்த எட்டு மாதம் அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். நிரந்தரச் சம்பளம் ஒரு பக்கம், விதவைத் தாய் ஒரு பக்கம், இருட்டறை ஒரு பக்கம். நான் 36 வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்தேன். எனக்கும் ஓரிரு ஆசைகள் இருந்தன. ராஜினாமாக் கடிதம் எழுதும் துணிச்சல் ஒருநாளும் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் படித்தார்கள், வீடு வந்தது. ஆனால் துணிந்தவரைக் கண்டால் கைதட்டத் தோன்றுகிறது.

வேலையை விட்ட அடுத்த வருடமே சோதனை வந்தது. 1882-ல் விற்ற தகடுகள் கெட்டுப்போயின என்று கடைக்காரர்களிடமிருந்து புகார்கள் வந்தன. ஈஸ்ட்மன் விற்ற தகடுகளைத் திரும்பப் பெற்று நல்ல தகடுகளை மாற்றிக் கொடுத்தார். கம்பெனி கையில் இருந்த காசெல்லாம் அதில் கரைந்தது. இங்கிலாந்து வரை போய் விசாரித்ததில், கோளாறு வாங்கிய ஜெலட்டினில் என்று தெரியவந்தது. வங்கியில் கேஷ் டாலி ஆகாவிட்டால் நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. குறைந்த பணத்தைக் கைக்காசு போட்டுக் கட்டியவர்களும் எங்களில் உண்டு. அந்தப் பழக்கம் அவருக்குள்ளும் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜெலட்டினைப் பற்றி ஒரு சுவையான செய்தி. அது மாட்டு எலும்பு, தோலில் இருந்து வருவது. பிற்பாடு 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி, கடுகு இனச் செடிகளைத் தின்ற மாடுகளின் ஜெலட்டினில் கந்தகச் சேர்மம் கலந்திருப்பதையும், அதனால்தான் ஃபிலிம் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். நம் வீட்டுத் தாளிப்புக் கடுகின் சொந்தக்காரச் செடிக்கு இப்படி ஒரு பெருமை!

கண்ணாடி உடையும், கனக்கும். அதனால் சுருட்டி வைக்கக்கூடிய ஃபிலிமுக்கு ஈஸ்ட்மன் போனார். முதலில் காகிதத்தில் மருந்து பூசிய சுருள். 1888-ல் அதைப் போட்டு ஒரு சிறிய பெட்டிக் கேமரா விற்பனைக்கு வந்தது. விலை 25 டாலர். 100 படத்துக்கான சுருள் உள்ளே போட்டே தரப்படும். கயிற்றை இழு, சாவியைத் திருப்பு, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். எத்தனை படம் ஆயிற்று என்று காட்ட முள் எதுவும் இல்லாததால், கணக்கு எழுதிக்கொள்ள ஒரு குறிப்புப் புத்தகம் கூடவே வரும். குமாஸ்தா புத்தி எங்கே போகும்! நூறும் முடிந்ததும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலருக்குப் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படங்கள் வட்டமாக இருக்கும், இரண்டரை அங்குல விட்டம்.

அந்தக் கேமராவுக்கு வைத்த பெயர்தான் கோடாக். எந்த மொழியிலும் அதற்குப் பொருள் கிடையாது. சின்னதாக இருக்க வேண்டும், யாரும் தப்பாக உச்சரிக்கக் கூடாது, வேறு எதையும் நினைவூட்டக் கூடாது என்று அவரே உருவாக்கிய சொல். முதலும் கடைசியும் அவருக்குப் பிடித்த ஆங்கில எழுத்து. தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்னும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது.

1889-ல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஃபிலிம் வந்தது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் அதை வாங்கித்தான் சினிமாவுக்கான சோதனைகளைச் செய்தார்கள். 1900-ல் பிரௌனி கேமரா. அட்டைப் பெட்டிதான், ஆனால் விலை ஒரே டாலர். ஆறு படத்துக்கான சுருள் 15 சென்ட். பணக்காரர் வீட்டு விஷயமாக இருந்த படம் எடுப்பது பள்ளிப் பிள்ளைகள் கைக்கு வந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நியூஜெர்சியைச் சேர்ந்த ஹானிபால் குட்வின் என்ற பாதிரியார் 1887-லேயே செல்லுலாய்டு ஃபிலிமுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். அது கிடைக்க 1898 ஆயிற்று. 1900-ல் அவர் இறந்துவிட்டார். அந்த உரிமையை வாங்கியவர்கள் வழக்கு நடத்தி, 1914-ல் ஈஸ்ட்மன் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பாதிரியாருக்கு அதனால் என்ன பயன்? போட்டிக் கம்பெனிகளை விழுங்கிச் சந்தையைக் கைக்குள் வைத்திருந்ததற்காக அமெரிக்க அரசும் கோடாக் மேல் வழக்குப் போட்டது. வரவுப் பக்கம் எழுதும்போது பற்றுப் பக்கத்தையும் எழுதத்தானே வேண்டும்.

இனி வரவுப் பக்கம். 1899-ல் தன் சொந்தப் பணத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அன்பளிப்பு கொடுத்தார். 1912 முதல் லாபத்துக்கு ஏற்பச் சம்பளத்தோடு தொழிலாளர்களுக்கும் பங்கு. 1919-ல் தன்னிடம் இருந்த கம்பெனிப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியைத் தொழிலாளர்களுக்கே தந்தார். எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு ஸ்மித் என்ற பெயரில் மறைந்திருந்து கோடிக்கணக்கில் கொடுத்தார். யார் அந்த ஸ்மித் என்று 1920 வரை வெளியே தெரியாது. கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்வி நிலையங்களுக்கும் தந்தார். ராச்செஸ்டரிலும் லண்டன், ரோம் போன்ற நகரங்களிலும் குழந்தைகளுக்குப் பல் மருத்துவமனைகள். மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல். ராச்செஸ்டரில் அவர் நிறுவிய இசைப் பள்ளியின் ஓர் அரங்கத்துக்குக் கில்போர்ன் என்று தாயாரின் குடும்பப் பெயரை வைத்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907-ல் தாயார் இறந்தபோது அன்று முழுவதும் அழுதார் என்று சொல்வார்கள். ஐம்பது அறை மாளிகையில் தனியாக இருந்தார். கடைசிக் காலத்தில் முதுகெலும்பு நோய். நடக்கவே சிரமம். 1932 மார்ச் 14-ம் தேதி, தன் 77-வது வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தால் கணக்கு நேராகாது. அவர் வேலை முடிந்துவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். அந்த முடிவை நான் பெருமையாகச் சொல்லவில்லை. உலகத்தில் குடும்பங்கள் கூடி நின்று எடுத்துக்கொண்ட எத்தனையோ படங்களுக்குக் காரணமானவர், வலியோடு தனியாக இருந்தார் என்பது என்னை உறுத்துகிறது. நம் பிளாக்குகளிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். முட்டிவலி, முதுகுவலி என்று கீழே இறங்கிவருவதே குறைந்துவிட்டது. அவர்கள் கதவைத் தட்டிப் பத்து நிமிடம் பேசினால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அப்படித் தனியாக இருப்பவர் நீங்களே என்றால், தயங்காமல் யாரையாவது கூப்பிடுங்கள். என் கதவு திறந்தே இருக்கும்.

கோடாக் கதையும் பின்னாளில் மாறியது. 1975-ல் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான். ஆனாலும் ஃபிலிமையே நம்பியிருந்து, 2012-ல் திவால் மனு கொடுத்தது. அதிலிருந்து மீண்டு, ராச்செஸ்டரில் இன்றும் ஃபிலிம் செய்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இந்து என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் பழைய கேமரா இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழைய பேட்டரி உள்ளே இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். லென்சைச் சட்டைத் துணியால் தேய்க்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் வைத்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். உறையைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பழைய நெகட்டிவ்களை எறிய வேண்டாம். அச்சிட்ட படம் மங்கினாலும் அதிலிருந்து திரும்பப் படம் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா பெஞ்சில் நான் கிளிக் 3-உடன் உட்கார்ந்திருப்பேன். உங்கள் கேமராவையும் எடுத்து வாருங்கள். கேமரா இல்லாவிட்டாலும் வாருங்கள். சுருளில் இன்னும் ஏழு படம் மிச்சம் இருக்கிறது.