கறிவேப்பிலையில் பெயர் பதித்த தரங்கம்பாடி மருத்துவர்

உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ரயா கோனிகி. பருத்திக் காயில் கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் சிவப்பு நாவாய்ப்பூச்சியின் பெயர் டிஸ்டெர்கஸ் கோனிகி. செடியிலும் பூச்சியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் ‘கோனிகி’ ஒரு மருத்துவரைக் குறிக்கிறது. அவர் வாழ்ந்த ஊர் நாகைக்கு வடக்கே உள்ள தரங்கம்பாடி.

யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1728-ல், இன்றைய லாட்வியாவில் பிறந்தவர். உயிரினங்களுக்கு இரண்டு சொற்களில் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் சுவீடனில் பயின்றார். ஐஸ்லாந்துத் தாவரங்களை ஆராய்ந்த பிறகு, 1768-ல் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அப்போது ஊர் டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது.

வைத்தியம் பார்த்த நேரம் போக, வயல், வரப்பு, கடற்கரை என்று அலைந்து செடிகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். அவரைச் சுற்றி ஒரு நட்பு வட்டம் உருவானது. கிடைத்ததை ஒருவருக்கொருவர் காட்டி, கலந்து பேசி, ஐரோப்பாவுக்கும் அனுப்பினார்கள்.

அங்கே பெயர் வைப்பதற்கு ஒருவர் இருந்தார். அவர் பெப்ரீஷியஸ், லின்னேயஸின் இன்னொரு மாணவர். ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயரிட்டவர். வாயுறுப்புகளின் அமைப்பை வைத்துப் பூச்சிகளை வகைப்படுத்தியவர். 1775-ல் அந்தச் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்குக் கோனிக்கின் பெயரைச் சூட்டியவரும் இவரே. நம் கொம்புத்தேனீக்கு 1787-லும் மலைத்தேனீக்கு 1793-லும் இவர் வைத்த பெயர்களையே உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. ஆனால் பெப்ரீஷியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உலர்ந்த பூச்சியின் உடலமைப்பை அவரால் பார்க்க முடிந்தது. அது எந்தப் பூவுக்கு வந்தது, எங்கே கூடு கட்டியது என்பதெல்லாம் களத்தில் நின்றவருக்குத்தான் தெரியும்.

கோனிக் அப்படிக் களத்தில் நின்றவர். தஞ்சைப் பகுதிக் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1779-ல் பெர்லினில் வெளியானது. புற்றுக்குள் வளரும் பூஞ்சணத்தைப் பற்றி அதில் எழுதினார். மக்கள் ஈசல் பிடித்து மாவுடன் சேர்த்து உண்பதையும் குறித்து வைத்தார்.

பின்னர் ஆற்காடு நவாபிடம் பணியாற்றினார். 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். சயாம், மலாக்கா வரை பயணம் செய்தார். 1785-ல், 56 வயதில், காக்கிநாடாவை ஒட்டிய ஜகன்னாதபுரத்தில் காலமானார். அவருடைய குறிப்புகள் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸிடம் சேர்ந்தன. இந்தியத் தாவரவியலுக்குப் பெரும்பணி ஆற்றிய ராக்ஸ்பர்க், கோனிக்கின் வழிகாட்டுதல் பெற்றவர்.

விவசாய நண்பர்களே, இந்தக் கதை உங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். வேதாரண்யம் முருங்கைப் பூவில் ரீங்காரமிடும் பெரிய கருவண்டு உண்மையில் வண்டல்ல; தச்சத்தேனீ. மகரந்தத்தைப் பரப்பிக் காய் பிடிக்க உதவுவது அது. சுவரில் மண்கூடு கட்டும் குளவிகளில் சில, தம் குஞ்சுகளுக்கு உணவாகப் புழுக்களைப் பிடித்து அடைக்கின்றன. நெல் தண்டுத்துளைப்பானின் முட்டைக் குவியலை அழிக்கும் குளவியோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இவற்றை அடையாளம் தெரியாமல் மருந்தடித்தால், கூலி கேட்காத வேலையாட்களை நாமே விரட்டியவர்கள் ஆவோம்.

கோனிக் அனுப்பிய பூச்சி கப்பலில் மாதக்கணக்கில் பயணித்தது. உங்கள் கைப்பேசிப் படம் நொடியில் போய்விடும். பூச்சியைக் கொல்ல வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரியும்படி ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். தேதி, ஊர், பயிர், அது என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கு விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையக் குழுவில் பதிவிட்டால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள். சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும் காட்டிக் கேட்கலாம். படத்தை மட்டும் வைத்துச் சிறு குளவிகளின் இனத்தைச் சொல்வது கடினம்; எந்தக் குடும்பம் என்று தெரிந்தாலே நன்மை செய்வதா, தீமை செய்வதா என்று ஓரளவு கணிக்கலாம்.

உளுந்தும் பயறும் பூக்கும் நாட்களில், தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன், காலையில் அரை மணி நேரம் வயலில் நின்று பாருங்கள். வந்து போகிறவர்கள் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.