கையில் மணியுடன் வந்தவர்

புனித பிரான்சிஸ் சவேரியாரைக் கையில் சிலுவையேந்திய குருவாகவே நீங்கள் அறிந்திருப்பீர்கள். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாட்களில் அவர் தாண்டுதல் விளையாட்டில் பேர்பெற்ற வீரர் என்பதைப் பலர் அறியார்.

1506இல் நவார் நாட்டிற் பிறந்த அவருக்குத் தாய்மொழி பாஸ்க். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் முற்றிலும் புதிது. இரு மொழியும் அறிந்தோரைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் செபங்களையும் பெரும் பிரயாசையுடன் தமிழாக்கி மனனஞ் செய்தார். பின்பு மணியொலித்தவாறு தெருவெங்குஞ் சென்று, சிறுவரையும் பெரியோரையும் அழைத்து, நாளுக்கு இருமுறை அவற்றைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தத் தமிழில் பிழையிருந்தது. அதுவும் விசுவாசப் பிரமாணத்திலேயே! விசுவசிக்கிறேன் என வரவேண்டிய இடத்தில் வேணும் என்றிருந்தது. எண்ணிப்பாருங்கள், எத்தனை பேர் அதை அவ்வாறே மனனஞ் செய்திருப்பார்கள்! 1544இல் பிழையை உணர்ந்தவர் அதை மறைக்கவில்லை. சொல்லை மாற்றும்படி உடன் ஊழியர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்.

அவ்வாண்டிலேயே மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். தாம் வரவியலாமையால் ஒரு குருவை அனுப்பினார். அவர் கையால் திருமுழுக்குப் பெற்றோருள் ஏறத்தாழ 600 பேர் அந்த விசுவாசத்திற்காகவே உயிரைக் கையளித்தனர்.