வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் பங்கில் மகளை நர்சிங் படிப்புக்கு அனுப்பியிருக்கும் வீடுகள் இன்று பல. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், சென்னை, வேலூர் என்று நம் பெண்கள் எங்கும் படிக்கிறார்கள். முதலாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் திரும்பிப் போக மாட்டேன் என்று அழுவதையும் நாம் கண்டிருக்கிறோம். வார்டில் ஒருவர் கண்ணெதிரே உயிர் விட்டதைப் பார்த்து உறக்கம் கெட்டவள் ஒருத்தி. இரவு டியூட்டியும் புரியாத ஆங்கிலப் பாடமும் சேர்ந்து நொறுக்கிவிட்டவள் ஒருத்தி. வீட்டிலுள்ள நாமோ, தைரியமில்லாதவளுக்கு இந்தப் படிப்பு ஏன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தைரியம் என்பது மூக்கு, முழி போலப் பிறவியிலேயே வருவது என்பது நம் எண்ணம். அந்த எண்ணத்தோடு ஐடா அம்மையாரின் வரலாற்றைப் படித்தால் பல இடங்களில் நாம் திகைத்து நிற்க வேண்டிவரும்.

அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அமெரிக்கப் புரொட்டஸ்டாண்டு மிஷனரிக் குடும்பத்தில் 1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டனாரும் மருத்துவர், தந்தையாரும் மருத்துவர். அண்ணன்மாருக்குப் பின் வந்த ஒரே பெண் குழந்தை. இவ்வளவு இருந்தும், இந்தியாவில் வாழவோ மருத்துவராகவோ அவருக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை என்பதுதான் உண்மை. காரணம் இல்லாமலில்லை. 1876 முதல் 1878 வரை இம்மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைச் சின்னஞ்சிறு வயதிலேயே பார்த்தவர் அவர். பசியால் ஒடுங்கிய பிள்ளைகளின் கையில் ரொட்டித் துண்டு கொடுக்க வைக்கப்பட்ட குழந்தை, அக்காட்சியை எப்படி மறக்கும்? அமெரிக்காவில் படிக்கப் போனபோது, இனி இந்தப் பக்கமே தலைவைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். பள்ளியில் குறும்புக்காரி என்று பெயரெடுத்தார்.

தாயார் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். நமக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே மதுராந்தகம்தான். அதனால் அடுத்து நடந்ததை நம் பக்கத்து ஊர்ச் செய்தி என்றே சொல்லலாம். ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூவர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். தந்தையார் புறப்படத் தயாராயிருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் தொடுவதை அவ்வீட்டார் ஏற்கவில்லை. மகளோ மருத்துவம் அறியாதவர். விடிந்ததும் விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டிருந்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அவருக்கு நேர்ந்தது வீரம் அன்று. தாங்கமுடியாத துயரமும் இயலாமையும்தான். அந்த வேதனையை மறந்துபோக முயலாமல், அதற்குப் படிப்பால் விடை தேடினார் என்பதே அவருடைய பெருமை. அமெரிக்கா திரும்பி, முதலில் பிலடெல்பியாவிலும் பின்பு கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். கார்னெலில் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே அதற்கு முந்திய ஆண்டில்தான்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்பது திட்டம். ஆனால் சில மாதங்களிலேயே தந்தையார் இறந்துபோனார். கற்றுக்கொடுப்பவரும் இல்லை, ஊராருக்கோ இந்த இளம் பெண்ணிடம் நம்பிக்கை இல்லை. முதலில் அழைத்துப்போன வீட்டில் நோயாளி கைமீறிய நிலையில் இருந்தாள், காப்பாற்ற இயலவில்லை. இன்று முதல் மரணத்தைக் கண்டு ஹாஸ்டல் அறையில் விம்மும் நம் பிள்ளையின் நிலைதான், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வேலூரில் அந்த டாக்டரின் நிலை. பட்டம் பெற்றவர் என்பதால் துன்பம் குறைந்துவிடுவதில்லை.

அவரைத் தாங்கியது எது? நாம் படித்தறிந்தவரையில் மூன்று நான்கு காரியங்கள் தெரிகின்றன. அவர் தனியாக இருக்கவில்லை. உடன் வந்த தோழி ஆனி ஹான்காக் அம்மையார் வீடு வீடாகச் சென்று பெண்களோடு பழகினார். வீட்டு வேலையிலிருந்த சலோமி என்ற நம் நாட்டுப் பெண் மருந்து கட்டவும் நோயாளிகளைப் பிடித்துக்கொள்ளவும் பழகி முதல் உதவியாளரானார். படிப்பில்லாத சலோமி இல்லாவிடில் பட்டம் பெற்ற டாக்டர் என்ன செய்திருப்பார் என்று நமக்கு அடிக்கடி தோன்றுகிறது. மேலும் அவர் விளையாட்டை விடவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் டென்னிஸ் ஆடி இளையவர்களைத் தோற்கடித்தவர். காலையில் செபம், மாலையில் ஆட்டம், நடுவே ஓயாத வேலை. விளையாடினால் படிப்பு கெடும் என்று பிள்ளைகளை அதட்டும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டிலேயே ஒரு சிற்றறையில் தொடங்கிய வைத்தியத்தில், இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகத் தந்த பதினாயிரம் டாலரில், மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு 1902-இல் திறக்கப்பட்டது.

மருத்துவமனை வந்ததும் மற்றொரு குறை வெளிப்பட்டது. அறுவை நன்றாக முடிந்தாலும் பிறகு இராக்கண் விழித்து நோயாளியைப் பார்க்க ஆளில்லை. அதனால் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். அக்காலத்தில் பிறருடைய இரத்தமும் மலமும் தொடும் வேலைக்குக் கௌரவமான வீட்டார் பெண்ணை அனுப்புவார்களா? வந்தவர்கள் ஊராரின் ஏளனத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது. அம்மையார் அவர்களுக்குக் காட்டிய வழி, தாமே முன்னால் நிற்பது. அதே ஆண்டில் ஒரு மோட்டார் வண்டி கிடைத்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்திப் புண் கழுவி, கட்டுக் கட்டி, மருந்து கொடுத்தார்கள். அந்த வண்டியைக் கண்டு முதலில் ஓடிய கிராமத்தார் பின்பு சாலையோரம் காத்திருந்தனர். பயம் பழக்கத்தால் போகிறது என்பதை மாணவியரும் கிராமத்தாரும் ஒரே மரத்தடியில் கற்றனர் போலும்!

1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டபோது, ஆறு பெண்களாவது விண்ணப்பித்தால் தொடங்கலாம் என்றார் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி. விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு வந்தன. முதல் தேர்வில் ஆண்களின் பள்ளிகளிலேயே பெரும்பாலோர் தோற்பதால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் அவர் எச்சரித்தார். தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். தன்னம்பிக்கை என்று இன்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது அந்தப் பெண்களுக்கு அறிவுரையால் வரவில்லை. நம்மால் முடியும் என்று ஒருவர் உறுதியாக நம்பி, இராப்பகலாகக் கூட இருந்து சொல்லிக்கொடுத்ததால் வந்தது.

சோதனை முடிந்துவிடவில்லை. 1930-களின் பிற்பகுதியில், எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க முடியாது என்ற நிலை வந்தது. வேலூர்ப் பள்ளியே மூடப்படும் அபாயம். எழுபது வயதில் அமெரிக்காவுக்குப் போய், யுத்த காலத்தில் ஊர் ஊராக அலைந்து நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்றபோது, நெடுங்கால ஆதரவாளரான பெண்மணிகள் சிலர் அவரோடு கோபித்துக்கொண்டனர். பிரசவத்தில் மாண்ட மூன்று பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளியல்லவா? அவருக்கும் அது வேதனையே. ஆயினும் கோபித்தவர்களை வெறுக்காமலும், எடுத்த முடிவைக் கைவிடாமலும் இருந்தார். நம் கருத்தில், அறுவைக் கத்தியைக் கையாள்வதைவிட இது கடினம்.

இதே காலத்தில் நம் திருச்சபையிலும் ஒரு கதவு திறந்தது. கன்னியர் மகப்பேறு மருத்துவம் செய்யலாகாது என்றிருந்த தடையை 1936-இல் உரோமாபுரி நீக்கியது. நம் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த சிஸ்டர்மாரை நினைப்போர் இந்த ஆண்டையும் நினைவில் வைக்கலாம்.

1946-இல் வேலூரில் செவிலியருக்கு பி.எஸ்ஸி. பட்டப்படிப்பு தொடங்கியது. டில்லியிலும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் இந்தியாவில் செவிலியருக்குப் பட்டமே கிடையாது. ஏளனத்துக்குரிய வேலை என்று கருதப்பட்டது, பல்கலைக் கழகப் பட்டமாயிற்று. அந்த ஆண்டிலேயே அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கொடைக்கானல் மலையில் தம் இல்லத்தில் 1960 மே மாதம், 89-ஆம் வயதில் காலமானார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம்கூட வேலூருக்கு வந்து அவர் கையில் சேர்ந்தது என்பார்கள்.