காலடியால் அளந்த பண்டிதர்

1802ஆம் ஆண்டு, சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது. வில்லியம் லாம்டன் தொடங்கிய அப்பணி, மாபெரும் முக்கோண அளவையாக வடக்கு நோக்கி வளர்ந்து இமயத்தைத் தொட்டது. அதற்கு அப்பால் இருந்த திபெத்தில் அயலார் நுழையத் தடை இருந்தது. அளவைக் கருவிகளோடு பிடிபட்டால் உயிருக்கே இடர். எனவே, அந்நாடு வரைபடத்தில் வெற்றிடமாகவே நின்றது. அவ்வெற்றிடத்தை நிரப்பப் புறப்பட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் நைன் சிங் ராவத்.

1830இல் குமாவுன் மலைநாட்டின் மிலாம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் மக்கள் திபெத்துடன் வணிகம் செய்துவந்தமையால், அந்நாட்டு மொழியும் வழக்கங்களும் அவருக்குப் பழக்கமாயின. ஆசிரியப் பணியால் பண்டிதர் என்னும் பெயர் பெற்றார். 1863இல் அளவைத் துறை அதிகாரி மாண்ட்கோமரியின் திட்டப்படி, உறவினர் மணி சிங்குடன் தேராதூனில் பயிற்சி பெற்றார்.

ஏற்றமாயினும் இறக்கமாயினும் காலடியின் நீளம் மாறாமல் நடப்பதே முதற்பாடம். பௌத்தரின் செபமாலையில் 108 மணிகள் உண்டு. அவரது மாலையிலோ 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணியாக உருட்டினால், மாலை ஒருமுறை சுற்றிவரப் பத்தாயிரம் காலடிகள், அதாவது ஐந்து மைல்கள் ஆகும். பிரார்த்தனை உருளைக்குள் மந்திரச் சுருளுக்கு மாற்றாக அளவைக் குறிப்புகள் இருந்தன. அதைச் சுழற்றுபவரை வழிப்போக்கர் இடைமறித்துப் பேசுவதில்லை.

கைத்தடிக்குள் வெப்பமானி ஒளிந்திருந்தது. உயரம் ஏறத்தாழ 300 மீட்டர் கூடுந்தோறும் நீரின் கொதிநிலை ஒரு பாகை செல்சியஸ் குறையும். ஆதலால், அடுப்பில் கொதிக்கும் நீரே மலையின் உயரத்தைக் காட்டியது. சோழிகளுக்குள் பாதரசம் அடைக்கப்பட்டிருந்தது. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றினால் மட்டம் பிசகாத கண்ணாடியாகும். விண்மீனுக்கும் அதன் பிம்பத்துக்கும் இடைப்பட்ட கோணத்தில் பாதி, அவ்விண்மீனின் உயரக் கோணம். அதனைக் கொண்டு அட்சரேகை கணிக்கப்பட்டது. அதற்குரிய கோணமானி பெட்டியின் இரகசிய அறையில் இருந்தது.

1865இல் நேபாளத்தின் வழியே திபெத்துக்குள் நுழைந்தவர், வணிகர் கூட்டத்தோடு சேர்ந்து 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். கைப்பொருள் தீர்ந்தபோது வணிகருக்குக் கணக்கெழுதக் கற்பித்துப் பொருளீட்டினார். இரவுகளில் மறைவாக விண்மீன்களை அளந்தார். தாயகம் திரும்புகையில், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவு மணி மணியாக எண்ணப்பட்டிருந்தது. லாசாவின் இருப்பிடமும் சாங்போ ஆற்றின் நெடும்போக்கும் உலக வரைபடத்தில் இடம்பெற்றன.

1874இல் லே நகரிலிருந்து லாசா வழியாக அசாம் வரை மீண்டும் நெடும்பயணம் மேற்கொண்டார். 1877இல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 2004இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

மாலையும் சோழியும் கைத்தடியும் எந்தச் சந்தையிலும் எளிதில் கிடைப்பவை. அவற்றை நம்பத்தக்க அளவைக் கருவிகளாக்கியவை, பனியிலும் அச்சத்திலும் நீளம் மாறாத அவரது காலடியும் எண்ணிக்கை தவறாத அவரது விரல்களுமே ஆகும்.